வலது பின்புறம், விளிம்புக்குக் கீழே

நவம்பர் வந்தால் ஆர்போன் துறையில்
படகுகளை ஏரியிலிருந்து தூக்கிவிடுகிறார்கள்.
மருத்துவப் பரிசோதனைக்குச் சட்டை கழற்றியவர்கள் மாதிரி
அடிவயிறு காட்டி வரிசையில் நிற்கின்றன.

என் வேலை பெரிதில்லை.
ஒரு டார்ச், ஒரு துணி, ஒரு படிவம்.
படகில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும்,
தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால்
முத்திரை. துர்காவ் மாநிலத் தகடு. அடுத்தவர் வரலாம்.

நாட்டுக்கு இரண்டு எழுத்து, கட்டியவனுக்கு மூன்று,
வரிசைக்கு ஐந்து, பிறந்த மாதத்துக்கு ஒன்று,
மிச்சம் ஆண்டுக்கு.
நட்சத்திரமும் லக்னமும்தான் இல்லை,
மற்றபடி பொருத்தம் பார்க்கப் போதுமான ஜாதகம்.

ரேட்டோ பும்பாக்கர் இழுத்துவந்தது
ஆறரை மீட்டர், வெள்ளை.
"எதிர்க்கரையில் வாங்கினேன், ரொக்கமாக."
ரசீதில் கையெழுத்து
படிக்க முடியாத அளவுக்கு அழகாக இருந்தது.

வலது பின்புறம் விரல் வைத்தேன்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
விரலுக்கு ஒரு சாண் நீளத்தில் பள்ளம்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பூசி, மெழுகிட்டிருந்தார்கள்.
சுற்றிலும் வெயில் தின்ற பழுப்பு,
அங்கே மட்டும் பால்பல் வெள்ளை.

பத்தாம் வகுப்பில்
அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும் என்று
ஸ்டெல்லா டீச்சர் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்.
இடது முழங்கையில் ஒரு மச்சம்.
இன்னொன்று?
இருக்கிறது டீச்சர், காட்ட முடியாத இடத்தில்.
வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
"வலது கால் பெருவிரலில் ஒரு தழும்பு" என்று
இல்லாத ஒன்றை எழுதி மை உலர ஊதினார்.
அந்தத் தழும்போடுதான்
இன்றுவரை எல்லா அலுவலகங்களிலும் நான் செல்லுபடியாகிறேன்.

படகுக்கும் இரண்டு.
இரண்டாவது எங்கே என்று கட்டியவர்கள்
ஊருக்குச் சொல்வதில்லை.
பேட்டரியைக் கழற்றிவைத்துப்
பின்பெட்டிக்குள் தலைகீழாக நுழைந்தேன்.
பெட்ரோல் வாடை. செத்த சிலந்தி ஒன்று.
ஒரு குழந்தையின் மஞ்சள் நீச்சல் கண்ணாடி.
அதற்கும் அப்பால், பிசின் உறைந்த மடிப்பில்
பதினான்கும் இருந்தன, யார் கையும் படாமல்.
வாய்விட்டுப் படித்தேன்.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைத்தவன்
காம்பை மறந்துபோயிருக்கிறான்.

பும்பாக்கர் முகம் வெளுக்கவில்லை.
"விற்றவன் நல்ல மனிதன்," என்றான், "நாய் வளர்த்தான்."
நான் அவனை நம்பினேன்.
முத்திரையை மட்டும் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

போலீஸ்காரர் எண்ணைத் தட்டியதும்
ஏரிக்கு அந்தப்பக்கம், மீர்ஸ்புர்க்கில் ஒரு பெயர் எழுந்தது:
ஹில்ட்ரூட் கெசல்ரிங்.
போனை என்னிடம் நீட்டினார்.
"நாலு வருஷம் ஆயிற்றே," என்றார் அந்த அம்மாள்.
"காப்பீட்டுப் பணம் வந்தது, வேறு வாங்கிவிட்டோம்.
அது இனிமேல் கம்பெனியுடையது.
கேட்டதற்கு நன்றி."
வைக்கப்போனவரிடம்
நீச்சல் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"என்ன நிறம்?"
மஞ்சள்.
"எங்களுடையது இல்லை."

எண் கிடைத்துவிட்டது.
எண்ணுக்கு உரியவள் கிடைத்துவிட்டாள்.
படகு மட்டும்
சிவப்பு நாடா சுற்றி, யாருக்கும் இல்லாமல்
மரக்கட்டைகள் மேல் நிற்கிறது.

விளக்கணைக்கும் நேரம் பும்பாக்கர் திரும்பி வந்தான்.
பணத்தைப் பற்றிப் பேசவில்லை.
கதவுக்கு வெளியே நின்றபடியே
மகள் அழுகிறாள் என்றான்,
சனிக்கிழமை நீச்சல் வகுப்பாம்.

படிவத்தின் கடைசிப் பத்தி:
படகினுள் கண்டெடுக்கப்பட்ட பொருட்கள்.
சிலந்தி, ஒன்று, என்று எழுதி
மை உலர ஊதினேன்.